வலி இறங்கிருச்சு

இனிமேல் உங்கள் வேலைநாளில் பாதி, குப்புறப் படுத்திருக்கும் மனிதர்களோடுதான் கழியும். கட்டிலின் தலைப்பக்கம் இருக்கும் ஓட்டைக்குள் முகத்தைப் பொருத்திக்கொண்டு அவர்கள் தரையைப் பார்த்துப் பேசுவார்கள். உங்களுக்கு முதுகு மட்டும்தான் தெரியும். முகம் பார்க்காமல் பேசும்போது மனிதர்கள் நிறையவே பேசுகிறார்கள். மனைவியிடம் சொல்லாததை, மகனிடம் சொல்லாததை, சில சமயம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாததைக்கூட அந்த ஓட்டை வழியாகத் தரைக்குச் சொல்லிவிடுவார்கள். பிசியோதெரபி படிப்பில் இதற்கென்று பாடம் கிடையாது. முப்பத்து நான்கு வருஷம் அந்தக் குரல்களைக் கேட்டு ஓய்வு பெற்றவள் என்ற ஒரே தகுதியில் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

என் கிளினிக் பழங்காநத்தத்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஜன்னலுக்குப் பச்சைத் துணியில் திரை போட்டிருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு வெயில் அந்தத் திரை வழியாக உள்ளே வரும்போது, அறை முழுக்கக் கண்மாய்த் தண்ணீருக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தால் தெரிவது போல ஒரு பச்சை வெளிச்சம் பரவும். கீழே அத்தனை ஹாரன் சத்தமும் எங்கோ அடுத்த ஊரில் கேட்பது போலக் கேட்கும். வெந்நீர் ஒத்தடம் வைத்த மனிதர்கள் பாதித் தூக்கத்தில் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் நடமாடிக்கொண்டிருப்பேன். அந்த வெளிச்சத்தில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். சின்ன வயதிலிருந்தே வீட்டில் எனக்குப் பகல்கனவு என்றுதான் பெயர். கூப்பிட்டால் மூன்றாவது முறைதான் திரும்புவேன். அந்தக் குணத்தோடு இந்த வேலையைச் செய்ததில் ஒருமுறை ஒரு மனிதரின் காலைத் தொலைக்கப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் பெயர் சோலைமலை. அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். மதுரையிலிருந்து அலங்காநல்லூர் வழியாகப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். அவரோடு கூட வந்தவர் அதே பஸ்ஸின் கண்டக்டர் அக்கீம், தெற்குவாசல்காரர். இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். முதல் நாள் சோலைமலை தான் ஓட்டும் பஸ்ஸிலேயே, இன்னொருவர் ஓட்ட, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே மதுரைக்குள் வந்திருந்தார். அப்புறம் டவுன் பஸ், அதிலும் நின்றுகொண்டேதான். என் மாடிப்படியை ஒவ்வொன்றாக, பக்கவாட்டில் ஏறி வந்தார்.

"உக்காருங்க," என்றேன்.

"உக்காந்தா உசுரு போகுதும்மா. நின்னுக்கிறேன்."

"டாக்டரம்மா, இவன் உக்காந்து பொழைக்கிறவன்," என்றார் அக்கீம். "உக்கார முடியலேன்னா என்ன செய்வான்? நீங்கதான் பாக்கணும்."

நான் டாக்டர் இல்லை என்று எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரும் கேட்டதில்லை. நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

சோலைமலை கையில் ஸ்கேன் உறை இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தங்களுக்குப் புரிந்தது போலக் காட்டுவார்கள். "ஜவ்வு விலகிருச்சாம்," என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். எங்கேயும் எதுவும் விலகி ஓடிவிடவில்லை. இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கும் மெத்தை ஓரத்தில் பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பை உரசுகிறது. அந்த நரம்பு போகும் வழியெல்லாம் வலிக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாசக்கணக்கில், அந்தப் பிதுக்கம் தானாகவே வற்றிச் சுருங்கும். மாத்திரை, ஒத்தடம், உடற்பயிற்சி, நடை, தேவைப்பட்டால் முதுகில் ஒரு ஊசி என்று நாம் செய்வதெல்லாம் அதுவரை அந்த ஆளைத் தாங்கிப் பிடிப்பதற்குத்தான். இதைச் சொல்லிப் புரியவைத்தாலே பாதிப் பேருக்கு முகம் தெளியும்.

சோலைமலைக்கு இடது பிட்டத்தில் ஆரம்பித்துத் தொடைப் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வரைக்கும் வலி. எலும்பு டாக்டர் கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தார். இப்போது ஆபரேஷன் வேண்டாம். ஆறு வாரம் மாத்திரையும் உடற்பயிற்சியும் பார்க்கலாம். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ உடனே அனுப்ப வேண்டும். பஸ் முதலாளி அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருந்தாராம். முதுகைக் கிழித்துத் தைத்த ஆளை நம்பி வண்டியைத் தரமாட்டேன் என்று. ஆபரேஷன் முடிந்து நன்றாக லாரி ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். சோலைமலை நம்பவில்லை. அவரைப் பொறுத்தவரை கத்தி பட்டால் ஸ்டீயரிங் போச்சு.

என்னிடம் வருவதற்கு முன்னாலேயே அவர் ஒரு வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். நம் பக்கத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டால், பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்து பிறந்த ஆளைத் தேடிப் பிடித்து முதுகில் மிதிக்கச் சொல்வார்கள். சோலைமலைக்கு வாய்த்தவர் அவருடைய சின்ன மாமியார். மூன்று நாள் காலையில் மிதித்திருக்கிறார்.

"வலி போகலம்மா. அதுக்கு மேல பயந்தான் வந்துருச்சு," என்றவர், என்னைச் சந்தேகமாகப் பார்த்து, "நீங்க எப்படிப் பிறந்தீங்க?" என்று கேட்டார்.

"தலையாலதான். அதனால மிதிக்க மாட்டேன். குப்புறப் படுங்க."

அக்கீம் சிரித்தார். சோலைமலையும் வலியோடு சிரித்தார். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, மார்பை மெல்ல எழுப்பும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, படுத்தே கிடக்கவும் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும் என்றேன். மிச்சமெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அந்த முதல் வாரத்தில் மூன்று தடவை வந்தார். பயிற்சிக்கு நடுவே ஓய்வாகப் படுத்திருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு தன் பஸ் போகும் வழியைச் சொல்லுவார். நான் கேட்கவில்லை. அவராகத்தான். கால்வாய்ப் பாலம், அப்புறம் கரும்பு லாரிகள் வரிசையாக நிற்கும் இடம், அப்புறம் இரண்டு புளியமரம், அதில் ஒன்றின் நிழலில் எப்போதும் ஒரு வெள்ளாடு. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யார் ஏறுவார்கள் என்றுகூடச் சொல்லுவார். கரும்பு பூத்திருக்கும்போது சாலையின் இரண்டு பக்கமும் வெளுத்துப்போய், பஸ் மேகத்துக்குள் போவது மாதிரி இருக்கும் என்றார். அந்தப் பச்சை வெளிச்சத்தில் அவர் குரல் மெல்ல மெல்லப் போய்க்கொண்டே இருக்கும். நானும் அந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டிருப்பேன். இன்னொரு கட்டிலில் இருக்கும் ஆளின் ஒத்தடத்தை எடுக்க மறந்துவிடுவேன். வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வாரம் கழித்து வந்தார். அன்றைக்கு பெஞ்சில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"வலி ஏறிருச்சு டாக்டரம்மா."

விலை ஏறிருச்சு, காய்ச்சல் ஏறிருச்சு என்று சொல்வோமே, அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். வலி கூடிவிட்டது. நான் கொடுத்த பயிற்சியால் கூடிவிட்டது. எட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட்டார் என்ற கூச்சம் வேறு.

"இடுப்புல வந்து நிக்குதும்மா. குத்து குத்துன்னு குத்துது," என்றும் சொன்னார்.

அதுவும் என் காதில் விழுந்தது. கனவில் யாரோ கூப்பிடுவது போல விழுந்தது. நான் அந்தப் பயிற்சியை நிறுத்தச் சொன்னேன். மல்லாக்கப் படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுக்கும் பயிற்சியைக் கொடுத்தேன். நடையைக் குறைத்து ஓய்வெடுக்கச் சொன்னேன். அவர் "சரிங்கம்மா" என்று பக்கவாட்டில் படி இறங்கிப் போனார்.

இப்போது உங்களில் சிலர் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். காலில் இருந்த வலி காலை விட்டு மேலே நகர்ந்து இடுப்பின் நடுவே வந்து சேர்ந்தால், இடுப்பு முன்னைவிட அதிகம் வலித்தாலும், அது நல்ல அடையாளம். நரம்பு விடுபடுகிறது, அந்தப் பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும் என்று அர்த்தம். வலி கீழே கீழே நகர்ந்து பாதத்துக்குப் போனால், முதுகு லேசாகிவிட்டாலும், அது கெட்ட அடையாளம். இதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். அதே விஷயத்தை ஒரு பஸ் டிரைவர் பாடப்புத்தகத்தைவிடச் சுருக்கமாக, சரியாக, தமிழில் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னது வலி கூடிவிட்டது என்று இல்லை. கெண்டைக்காலிலிருந்து இடுப்புக்கு ஏறிவிட்டது என்று.

ஒன்பது நாள் கழித்து, மத்தியானம், போனில் ஒரு குரல் செய்தி வந்தது. சோலைமலைதான்.

"டாக்டரம்மா, வலி இறங்கிருச்சும்மா. நான் என்ன செய்யட்டும்?"

காய்ச்சல் இறங்கினால் நமக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது. நான் மாற்றிக் கொடுத்தது வேலை செய்கிறது என்று பெருமையாக நினைத்தேன். வேலை நடுவில் இருந்ததால் கூப்பிட்டுப் பேசவில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை அனுப்பினேன். கீழே, "அப்படியே தொடருங்கள்" என்று எழுதினேன். வலி குறைந்த மனிதன் எதற்காக "நான் என்ன செய்யட்டும்" என்று கேட்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. பிற்பாடு அந்தக் குரலை எத்தனையோ தடவை போட்டுக் கேட்டிருக்கிறேன். அதில் சந்தோஷம் துளிகூட இல்லை. பயந்துபோன குரல்.

நாலாம் நாள் அக்கீம் தனியாக வந்தார். அவருக்கு அன்றைக்கு ஓய்வு நாள். படியேறி வந்தவர் உள்ளே வரவில்லை.

"டாக்டரம்மா, மாப்ளைக்கு ஒரு கால்ல மட்டும் செருப்பு தங்க மாட்டேங்குது."

"என்ன?"

"இடது கால் செருப்பு. நடந்தாக் கழண்டு பின்னால கெடக்கு. அவனுக்குத் தெரியக்கூட மாட்டேங்குது. நேத்து மூணு வாட்டி நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

"வலி இறங்கிருச்சுன்னு சொன்னாரே?" என்று கேட்டேன்.

அக்கீம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆமா, இறங்கிருச்சு. பாதத்துக்கு. முந்தி கெண்டைக்காலோட நிக்கும். இப்பக் கட்டைவிரல் வரைக்கும் போகுது." கொஞ்சம் நிறுத்தி, "எங்க ஏறுச்சு, எங்க இறங்குச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையா? நான் நாள் பூரா அதைத்தானம்மா கேக்குறேன்," என்றார்.

குத்திக் காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். என் வாழ்க்கையில் நான் கேட்ட ஆகப் பெரிய பாடம் அதுதான். அதைச் சொன்னவருக்கு அது பாடம் என்றே தெரியாது.

கட்டிலில் படுத்திருந்தவர்களை அனுப்பிவிட்டு, அங்கேயே நின்று சோலைமலைக்குப் போன் போட்டேன். கேட்க வேண்டிய முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும்.

"ஒண்ணுக்குப் போறது எப்படி இருக்கு? நின்னு நின்னு வருதா? உக்கார்ற இடத்துல மரத்துப்போன மாதிரி இருக்கா?"

"அதெல்லாம் நல்லா இருக்கும்மா," என்றார். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"பக்கத்துல யாரு இருக்கா?"

"மாமா இருக்காரு."

"போனை எடுத்துக்கிட்டு வெளிய வாங்க. மெதுவா."

மாமனாரை வைத்துக்கொண்டு எந்த மருமகனும் அந்தக் கேள்விக்கு உண்மை சொல்ல மாட்டான். அவர் தத்தித் தத்தி வெளியே வரும் சத்தம் கேட்டது. எங்கோ சேவல் கூவியது. மறுபடி கேட்டேன். இந்தத் தடவை நின்று, நிதானமாகச் சொன்னார்.

"இல்லம்மா. ஒண்ணுக்கு நல்லாத்தான் போகுது. மரப்பு பாதத்துலதான். மேல இல்ல."

சிறுநீரை ஆளும் நரம்புக்கு ஆபத்தில்லை. அதிலாவது தப்பித்தோம். அக்கீமின் வண்டிக்குப் பின்னால் என் ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

சோலைமலை வீட்டு வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே கட்டிலில் படுத்திருந்தார். அவர் மனைவி செல்வி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "ரெண்டு கால் கட்டைவிரலையும் மேல தூக்குங்க," என்றேன். வலது கால் விரல் விறைப்பாக நின்றது. இடது கால் விரல் பாதி தூரம் எழுந்தது. என் ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து லேசாக அழுத்தினேன். எதிர்ப்பே இல்லாமல் படிந்துவிட்டது.

அந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஒன்றும் சொல்ல வேண்டாம். சில பேருக்கு இப்படி ஆகும், டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. எதுவும் செய்யாமலே சிலருக்குப் பலம் குறைவது உண்டுதான். என் தப்பு எவ்வளவு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மரத்தடியில் அத்தனை அமைதியாக இருந்தது. இலைகளின் நிழல் அவர் பாதத்தின்மேல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த விரல் மட்டும் ஆடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சொல்லாமல் விட்டுவிடுவேன் என்று பயந்து, சட்டென்று சொன்னேன்.

"சோலைமலை, தப்பு என்னோடது. வலி ஏறிருச்சுன்னு நீங்க சொன்னப்ப, கூடிருச்சுன்னு நெனச்சு நல்ல பயிற்சியை நிறுத்திட்டேன். இறங்கிருச்சுன்னு சொன்னப்ப, கொறஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டேன். எங்கேன்னு கேக்கல."

அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. "அப்ப ஏறுனது நல்லதாம்மா?"

"நல்லது."

"நான் சரியாத்தான் சொன்னேன்?"

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

அவர் முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கீம் தலை குனிந்துகொண்டார். செல்விதான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

 

அன்று சாயங்காலமே எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவருக்கு முன்னாலும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. விரலை அழுத்திப் பார்த்தார், குதிகாலால் நடக்கச் சொன்னார். பிறகு சோலைமலையிடம் பேசினார். பலம் குறைந்திருக்கிறது, ஆனால் முழுக்கப் போகவில்லை. இந்த வாரமே ஆபரேஷன் செய்யலாம், அதில் தப்பில்லை. இல்லையென்றால் நரம்புப் பக்கத்தில் வீக்கம் வற்ற ஒரு ஊசி போட்டுவிட்டு, பழைய பயிற்சிக்கே திரும்பி, தினமும் விரலைச் சோதித்துக் காத்திருக்கலாம். ஒரே ஒரு நாள் நேற்றைவிடக் குறைந்தாலும் நேரே ஆபரேஷன்தான், பேச்சே கிடையாது.

சோலைமலை ரொம்ப நேரம் தன் பாதத்தையே பார்த்தார். "காத்திருக்கேன்," என்றார்.

"தினமும் யார் பாக்குறது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான் பாக்குறேன். வீட்டுக்கே போறேன்," என்றேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

விளாங்குடியில் என் வீடு. விடியும்போது ஸ்கூட்டரை எடுத்தால் சிக்கந்தர்சாவடி தாண்டியதுமே கால்வாய்க் காற்று முகத்தில் அடிக்கும். பனி வயலுக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அவர் படுத்துக்கொண்டு சொன்ன வழி அப்படியே ஒவ்வொன்றாக வந்தது. கரும்பு லாரிகள், இரண்டு புளியமரம். கரும்பு பூத்திருந்தது. அவர் சொன்ன மேகத்துக்குள் நான் போனேன். எவ்வளவோ அழகாக இருந்தது. ஆனால் அந்தத் தடவை கனவு வரவில்லை. இன்றைக்கு அந்த விரல் எழுமா என்ற ஒரே நினைப்பில் வண்டி ஓட்டினேன். அத்தனை அழகுக்கு நடுவே அத்தனை பயத்தோடு நான் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை.

முதல் நாள் விரல் அப்படியேதான் இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. வலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். "இப்ப எதுவரைக்கும் வலிக்குது? விரலை வச்சுக் காட்டுங்க," என்று மட்டும் கேட்டேன். அவர் குனிந்து பாதத்தைத் தொட்டார். நாலாம் நாள் கணுக்காலைத் தொட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறாம் நாள் அது கெண்டைக்காலுக்கு வந்தது. பத்தாம் நாள் என்று நினைக்கிறேன், நான் கேட்பதற்கு முன்னாலேயே முழங்காலுக்குப் பின்னால் கையை வைத்து, "இன்னிக்கு இந்த ஸ்டாப்புல நிக்குதும்மா," என்றார். என்னிடம் அவர் சிரித்துப் பேசியது அந்த மரத்தடி நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதே வாரத்தில் அந்த விரல் என் விரலைத் திருப்பித் தள்ளியது. கொஞ்சம்தான். நான் அந்தப் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். செல்வி அப்போதும் பேசவில்லை. தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைப்பாள். அவள் கோபம் நியாயமானது. அதைக் கரைக்க நான் எதுவும் செய்யவில்லை.

மூன்று மாசத்துக்கு மேல் ஆனது. டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழைப் பார்த்து முதலாளி அரை நாள் வண்டியைக் கொடுத்தார், பிறகு முழு நாளும். ஒவ்வொரு டிரிப் முடிவிலும் சோலைமலை சீட்டை விட்டு இறங்கி பஸ்ஸை இரண்டு சுற்றுச் சுற்றி நடக்கிறார் என்று அக்கீம் சொன்னார். இடது கட்டைவிரல் ஓரத்தில் ஒரு சின்ன மரப்பு மட்டும் போகவே இல்லை. அது இடுப்பு நோயால் வந்ததுதான். ஆனாலும் அது என்னால் தங்கியது என்றுதான் நான் நினைக்கிறேன். கிளட்சை மிதிக்கும்போது தெரிகிறதா என்று ஒருதரம் கேட்டேன். "பழகிருச்சும்மா," என்றார்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, ஆபரேஷனைத் தவிர்ப்பதுதான் நம் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகு நானே ஓடிப்போய்ச் சிலரை ஆபரேஷனுக்குச் சேர்த்திருக்கிறேன். நன்றாக நடக்கிறார்கள். விரல் நாளுக்கு நாள் விழுந்திருந்தால் சோலைமலையையும் அப்படித்தான் சேர்த்திருப்பேன். கத்தி இல்லாமல் தேற முடியும் என்று ஒருவரிடம் சொல்வதற்கு, அவரை விடாமல் கவனிக்கும் துணிவு வேண்டும். அது இல்லையென்றால் நாம் கொடுப்பது வெறும் ஒத்தடம்தான்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு மத்தியானம் நடுவயதுப் பெண் ஒருத்தி ஸ்கேன் உறையோடு என் வாசலில் நின்றாள். அலங்காநல்லூரிலிருந்து வருவதாகச் சொன்னாள். நின்றபடியே ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"யாரு அனுப்புனா?" என்று கேட்டேன். சோலைமலை என்றுதான் எதிர்பார்த்தேன்.

"செல்வி. என் கொழுந்தன் பொண்டாட்டி. டிரைவர் வீடு."

"செல்வியா? என்ன சொல்லி அனுப்புச்சு?"

அந்தப் பெண் தயங்கினாள். சொல்லலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சொல்லிவிட்டாள்.

"'அந்தம்மா தப்புப் பண்ணினா அதுவே வந்து சொல்லிரும், பயப்படாமப் போ'ன்னுச்சு."

அவளைக் கட்டிலைப் பிடித்து நிற்கச் சொல்லிவிட்டு, பச்சைத் திரைக்குப் பின்னால் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.